கச்சான் மூட்டைக்கும் பாய்க்கும் இடமுள்ள வான்



படுவான்கரையிலிருந்து நான்கு சகோதரிகள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். நால்வரும் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். திருவிழாக்களில் கச்சான் கடை போடுவது அவர்களது தொழில். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், பிறகு மண்டூர், கொக்கட்டிச்சோலை என்று கோயில் கோயிலாகப் போய், பத்து இருபது நாட்கள் தறப்பாளின் கீழே தங்கி வியாபாரம் செய்கிறார்கள். “உழைப்பில் பாதி வாடகை வாகனத்துக்கே போகிறது. சீட்டுப் பிடித்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். பழைய வான் ஒன்று வாங்கலாமா? சாமானும் ஏற்ற வேண்டும், இரவில் படுக்கவும் வேண்டும்” என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. முன்பு வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்து நின்றோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எழுவான்கரையும் படுவான்கரையும் நெருங்கிவிட்டன. பாலம் வந்தது, ஆனால் பாலத்தில் ஓட எங்களிடம் வாகனம் இல்லை என்பதுதான் பல பெண்களின் குறை. இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். முதலில் கணக்குப் பார்ப்போம்.

வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா?

உதாரணத்துக்கு, வருடத்தில் 8 திருவிழாக்கள் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்று, வர ஒன்று என 16 ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு 10,000 ரூபா என்றால் 160,000 ரூபா. சொந்த வானில் போனால் டீசலுக்கு 40,000 ரூபா முடியும் என்று வைத்தால், மிச்சம் 120,000 ரூபா. இதற்குள்ளேதான் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், ஒயில், டயர், திருத்த வேலை எல்லாம் அடங்க வேண்டும். இவை 100,000 ரூபாவை விழுங்கினால் கையில் நிற்பது 20,000 ரூபாதான். வாங்கிய விலையை எடுக்க எத்தனை வருடம் ஆகும்? ஆகவே திருவிழா இல்லாத மாதங்களிலும் வானுக்கு வேலை இருக்க வேண்டும். நெல், மரக்கறி, தயிர்ச் சட்டி, பன்பாய் என்று ஊரில் ஏற்றுவதற்கு ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரின் வாகனத்தை வருடம் முழுவதற்கும் பேசி எடுப்பதே இலாபம். உங்கள் தொகைகளைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

எந்த வான்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வான்களின் விலை மேலே போனது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியும் முப்பது வயது வான்கூட மலிவாகக் கிடைப்பதில்லை. அழகைப் பார்க்காமல், உதிரிப் பாகம் உங்கள் ஊர்க் கராஜிலேயே கிடைக்குமா என்று பாருங்கள். டவுன்ஏஸ், லைட்ஏஸ், வனெட் போன்றவற்றை நமது மெக்கானிக்மார் நன்கு அறிவார்கள். ‘டொல்பின்’ எனப்படும் ஹயேஸ் பெரியது, விலையும் செலவும் அதற்கேற்ப. சுசுகி எவ்ரி போன்ற சிறிய வான் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், ஆனால் இருவர் இருந்தால் ஏறக்குறைய 350 கிலோதான் ஏற்றலாம். நால்வரும் ஏறினால் அதிலும் குறையும். 50 கிலோ கச்சான் மூட்டை நான்கு போட்டால் 200 கிலோ. மணல், தாச்சி, விறகு, தகரம் இன்னும் இருக்கிறது. ஆகவே சாமானின் நிறையை முதலே கூட்டிக்கொண்டு போங்கள்.

படுப்பதற்கு இடம் போதுமா என்பதை வாயால் கேட்டு அறிய முடியாது. பாயைக் கையோடு கொண்டுபோய் வானுக்குள் விரித்துக் கால் நீட்டிப் பாருங்கள். ஆசனத்தைக் கழற்றினால்தான் இடம் வரும் என்றால், பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆசனத் தொகையோடு அது முரண்படுமா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

எங்கள் பக்கத்தில் வாகனத்தின் முதல் எதிரி உப்புக் காற்று. புதுப் பெயின்ற் கண்ணை மறைக்கும். குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே விரித்த றப்பரைத் தூக்கிப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் வெள்ளத்தில் நின்ற வாகனமாக இருக்கலாம். கதவடியில் விரலால் தட்டினால் துரு உதிரும். சட்டகம் துருப்பிடித்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

இஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீங்கள் வருமுன் அதை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒயில் மூடியைக் கழற்றினால் பால் போல் படிந்திருப்பதும் அதே அறிகுறி.

மட்டக்களப்பு சமதரை. இங்கே வெறும் வானை ஓட்டிப் பார்த்தால் குறை தெரியாது. நால்வரும் ஏறி, மூட்டையும் ஏற்றி, பாலத்து ஏற்றத்தில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். இஞ்சின் இரைந்தும் வண்டி இழுக்காவிட்டால் கிளச் தேய்ந்திருக்கலாம். டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கடைசியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள். அது வீண் செலவல்ல.

புத்தகம்தான் வான்

எமக்குத் தெரிந்த ஒரு மாதர் குழு, புறோக்கர் ஒருவரின் பேச்சை நம்பிப் புத்தகத்தின் பிரதியை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தது. பல மாதங்களுக்குப் பிறகு நிதிக் கம்பனி ஒன்றின் ஆட்கள் வந்து, பழைய உரிமையாளர் தவணை கட்டவில்லை என்று வானை எடுத்துப் போனார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த காசு திரும்பவே இல்லை. அந்தப் பெண்கள் அழுததை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே மூலப் புத்தகத்தையே பாருங்கள். ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை காசு கொடுக்க வேண்டாம். புத்தகத்திலுள்ள சசி இலக்கமும் இஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ளவையும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். கையெழுத்து மட்டும் வைத்த ‘ஓப்பின் பேப்பரை’ நம்பி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே பெயரை மாற்றுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாருடைய பெயரில்?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. “எங்களில் ஒருவருக்கும் லைசன்ஸ் இல்லை, அதனால் ஓர் அக்காவின் மைத்துனர் தன் பெயரில் எடுக்கச் சொல்கிறார்.” சகோதரிகளே, அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஓட்டுவதற்குத்தான் லைசன்ஸ் வேண்டும், உரிமை கொள்வதற்கு அல்ல. உங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் சங்கத்தின் பெயரில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையேல் நால்வரில் ஒருவரின் பெயரில் எடுத்து, யார் எவ்வளவு போட்டது, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதைச் சட்டத்தரணி முன் எழுதிக் கையெழுத்திடுங்கள். மைத்துனர் கூலிக்கு ஓட்டட்டும். அதற்கிடையில் உங்களில் இளையவர் ஒருவர் ஓட்டப் பழகட்டும்.

கையில் உள்ள காசில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வானுக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் முதல் வருடத் திருத்த வேலைக்குத் தேவைப்படும். குறைந்த பணத்தை நிரப்ப நுண்கடன் எடுக்க வேண்டாம். திருவிழா இல்லாத மாதத்திலும் வாரத் தவணைக்காரர் வாசலுக்கு வருவார் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

இரவில்

வெளிச்சமுள்ள இடத்தில், மற்றப் பெண்களின் கடைகளுக்குப் பக்கத்தில், முன்பக்கம் றோட்டைப் பார்க்க நிறுத்துங்கள். இஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்க வேண்டாம். மணமில்லாத நச்சுப் புகை தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். அடுப்பும் காஸ் சிலிண்டரும் வெளியே இருக்கட்டும். இரு பக்கக் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி நுளம்பு வலை கட்டுங்கள்.

பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்ட முடியாத காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். இன்று நால்வர் சேர்ந்து, சொந்த வானில், சொந்தப் பாயில் படுத்து விடியலில் கடை திறக்கலாம் என்றால், அதற்காகச் சில மாதம் பொறுத்து, பார்த்துத்தான் வாங்குங்களேன்.

கூட்டாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.