கண்ணை விற்றுச் சித்திரம், தூக்கத்தை விற்றுக் கனவு

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "அட, இது கனவுதான்!" என்று தெரிந்துவிட்டால் எப்படி இருக்கும்? பறக்கலாம். கடலுக்கடியில் நடக்கலாம். துரத்தி வரும் பூதத்தைத் திரும்பிப் பார்த்து "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்கலாம். இதற்குப் பெயர் லூசிட் ட்ரீமிங். தமிழில் தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். 2010-ல் 'இன்செப்ஷன்' படம் வந்த பிறகு இந்த ஆசை பல ஹாஸ்டல் அறைகளுக்குள் புகுந்துவிட்டது.

ஆசையில் தப்பே இல்லை. ஆரம்பிக்கிற இடம்தான் தப்பு.

புதிதாக ஆரம்பிப்பவர் என்ன செய்கிறார்? ராத்திரி ஒன்றரை மணி வரை செல்போன். 'மூன்றே நாளில் தெளிகனவு' என்று ஒரு வீடியோ. மூன்றரைக்கு ஒரு அலாரம், ஐந்துக்கு இன்னொரு அலாரம். ஆறரைக்கு எழுந்து வகுப்புக்கு ஓட்டம். பத்து நாளில் கனவும் வரவில்லை, முதல் பீரியடில் கண்ணும் திறக்கவில்லை. கடைசியில் "எல்லாம் டுபாக்கூர்" என்று ஒரு தீர்ப்பு.

டுபாக்கூர் இல்லை சாமி. 'லூசிட் ட்ரீம்' என்ற பெயரை ஹாலந்துக்காரரான ஃபிரெடரிக் வான் ஈடன் 1913-லேயே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் ஒரு மனநல மருத்துவர், எழுத்தாளரும்கூட. அதற்கான அத்தாட்சி 1975-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், தூங்கிக்கொண்டிருந்த ஆலன் வோர்ஸ்லியின் கண்ணசைவைப் பதிவு செய்தார். கனவில் உடம்பு அசையாது, கண் மட்டும் அசையும். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும் என்பது முன்பே பேசிவைத்த ஏற்பாடு. வோர்ஸ்லி ஆட்டினார், கருவி எழுதியது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதையே நிரூபித்து 1980-ல் முனைவர் பட்டமே வாங்கினார். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், கனவிலிருந்த ஒருவரிடம் "8-லிருந்து 6 போனால்?" என்று கேட்டார்கள். கண்ணை இரண்டு முறை ஆட்டி விடை சொன்னார்!

ஆக, விஷயம் உண்மை. பிறகு ஏன் நம்மாட்களுக்கு வருவதில்லை? கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஆர்.இ.எம். என்கிற கட்டம் வரும். மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக ஓடும் கட்டம் அது. துல்லியமான கனவுகள், தெளிகனவு உட்பட, பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. முதல் சுற்றில் அது சில நிமிடங்களோடு முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க அரை மணி நேரம், அதற்கு மேலும்கூட நீளும். எனவே எட்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி இரண்டு மணி நேரத்தை வெட்டுகிறவருக்குத் தூக்கத்தில் கால்பங்கு நஷ்டம். கனவில் நஷ்டம் கால்பங்குக்கும் மேலே. வியாபாரத்தில் இதை முதலுக்கே மோசம் என்பார்கள். முதலை அழித்துவிட்டு வட்டி எங்கே என்று தேடினால் எப்படி?

"அலாரம் வைத்து எழுவதும் அந்த வித்தையின் ஒரு பகுதிதானே?" என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்சம் விழித்திருந்து, மறுபடி தூங்குவது நிஜமாகவே பலன் தரும் முறை. ஆனால் அந்த 'மறுபடி தூங்குவது' என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்தாலும் அவருக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருக்கிறது. ஒன்றரைக்குப் படுத்தவருக்கு என்ன இருக்கிறது? காலேஜ் பஸ்தான் இருக்கிறது :)

ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வையும் பார்க்கலாம். 'இது கனவா?' என்று பகலில் அவ்வப்போது சோதிப்பது, ஐந்து மணி நேரத்தில் எழுவது, 'அடுத்த கனவில் இது கனவு என்பதை நினைவில் கொள்வேன்' என்று மனதில் பதித்தபடி தூங்குவது என மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களின் வெற்றி விகிதம் ஒரே வாரத்தில் 17%. அப்படிப் பதித்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கோ 46%. பகல் சோதனை மட்டும் செய்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. சீக்கிரம் மறுபடி தூங்கத் தெரிந்தவருக்குத்தான் சித்தி. இருபது நிமிட வீடியோவில் இதை ஏன் யாரும் சொல்வதில்லை? சொன்னால் விற்க எதுவும் மிஞ்சாது, அதனால்தான்!

விற்பனை இருக்கிறதே, அது தனிக்கதை. விளக்கு மின்னும் கண்பட்டை, வாரக்கணக்கில் வகுப்பு, மாத்திரை. கேலன்டமைன் என்ற மருந்தைப் பற்றி 121 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வெற்று மாத்திரைக்கு 14% பலன், 8 மில்லிகிராம் மருந்துக்கு 42%. உடனே "அண்ணே, எங்கே கிடைக்கும்?" என்று கிளம்பக்கூடாது. அது அல்சைமர் நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்து. ஆய்வில் இருந்தவர்கள் கனவுகளை நன்றாக நினைவில் வைத்திருக்கிறவர்கள். நேற்றைய கனவே ஞாபகமில்லாதவர் மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுவதுதான் முதலில் வந்து சேரும்.

அடுத்தது அமுக்குவான். விழிப்பு வந்தும் உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். கனவில் கை கால் ஓடிவிடாதபடி மூளை போடும் பூட்டு, கண் விழித்த பிறகும் சில நொடிகள் திறக்காமல் இருப்பதுதான் இது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்களை இது அதிகமாகப் பிடிக்கும். அரைகுறை வித்தையால் அமுக்குவானிடம் மாட்டி, தூங்கவே பயந்து கிடப்பவருக்கு அந்த வீடியோக்காரரா வந்து துணைக்குப் படுப்பார்?

சரி, ஆரம்பிப்பவர் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

1. முதல் இரண்டு வாரம் வித்தை எதுவும் வேண்டாம். ஒரே நேரத்தில் படுத்து, ஏழெட்டு மணி நேரம் தூங்கினால் போதும்.

2. தலையணை அருகே ஒரு நோட்டு, ஒரு பேனா. விழித்ததும் புரளாமல், செல்போனைத் தொடாமல், ஞாபகம் இருப்பதை எழுத வேண்டும். ஒரு வரி கிடைத்தாலும் வரவுதான். ஞாபகமே இல்லாதவருக்குத் தெளிகனவு வந்தாலும் வராத மாதிரிதான்.

3. நோட்டில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். பழைய பள்ளிக்கூடமா, தவறவிட்ட ரயிலா? 'அடுத்த முறை இதைப் பார்த்தால், இது கனவு' என்று நினைத்தபடி தூங்க வேண்டும்.

4. பகலில் சில முறை மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பார்க்கலாம். கனவில் பெரும்பாலும் மூச்சு உள்ளே போகும்.

5. அலாரம் கடைசியில்தான். அதுவும் மறுநாள் விடுமுறை என்றால் மட்டும், வாரம் ஒருமுறை. பரீட்சை நாட்களில் கூடவே கூடாது. எது நிஜம் எது நினைப்பு என்று குழம்பும் மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இதில் எதற்கும் பத்து பைசா செலவில்லை. ஆனாலும் பாதிப்பேர் முதல் விதியிலேயே விழுந்துவிடுவார்கள். விழித்திருப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்றும், தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்றும் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்தாகிவிட்டது. பரீட்சைக்காக ராத்திரியை விற்றார்கள், செல்போனுக்காக விற்றார்கள், இப்போது கனவுக்காகவும் விற்கிறார்கள். தெளிகனவு அமைந்தால் சந்தோஷம். அமையாமலே போனாலும், இரண்டு மாதம் ஒழுங்காகத் தூங்கி எழுந்த ஒரு மனிதர் மிச்சம். கணக்கு எப்படிப் போட்டாலும் லாபம்தான். முதலில் போய்த் தூங்குங்க மக்களே!