றியோவுக்கு அழுதோம், கிற்றாரைக் கேட்கவில்லை

கொழும்பின் கொம்பனித்தெருவைப் பற்றி எழுதச் சொன்னால், தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதும் எங்கள் பேனா நேரே றியோ தியேட்டருக்குத்தான் போகும். தமிழருக்குச் சொந்தமான அந்தக் கட்டடம் 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த கதையை வருடாவருடம் எழுதினோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே நகரத்தில் பிறகு என்ன முளைத்தது என்று பார்க்காமலே விட்டோம்.

90களின் கடைசியில் சுரேஷ் டி சில்வா, டெனிசன் நெப்போலியன், அன்ட்ரூ ஒபேசேகர என்ற பள்ளித் தோழர்கள் மூவர் ‘ஸ்டிக்மாட்டா’ என்ற ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பங்க், ஹார்ட்கோர், மெட்டல் என்ற பிரிவெல்லாம் எங்களுக்கு எதற்கு? ‘கத்துறாங்கள்’ என்று சொல்லி முடித்துக்கொண்டோம். பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது இன்னும் வசதியாகப் போயிற்று: பணக்காரக் கொழும்பு ஏழின் பொழுதுபோக்கு என்று தள்ளிவைத்தோம்.

அவர்களின் முதல் தொகுப்பு ‘ஹொலோ ட்ரீம்ஸ்’ 2003இல், போர்நிறுத்த காலத்தில் வந்தது. ‘சைலன்ட் கேயோஸ் சர்பன்டைன்’ 2006இல், போர் திரும்பி வந்துகொண்டிருந்தபோது. மூன்றாவது தொகுப்பு 2010இல், போர் முடிந்த மறுவருடம். ‘தி அசெட்டிக் பரடொக்ஸ்’ 2015இல். இந்த வரிசையில் கேட்டால், மோதி நொறுக்கும் வேகம் மட்டும் போதாமல் பாட்டுகள் நீண்டு, திருப்பங்கள் கூடி, நிதானமும் சேர்ந்துகொள்வது காதில் விழும். சுரேஷின் குரல் உறுமலிலிருந்து தெளிந்த பாட்டுக்குத் தாவும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. எங்கள் அரசியல் பத்திகளில் இதே வருடங்கள் எத்தனை தடவை வந்திருக்கும்! இந்தத் தொகுப்புகள் ஒரு தடவையும் வரவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே கறுப்பு ரீசேட் போட்டுக்கொண்டு அந்த இரைச்சலுக்குப் போனார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டோம். என்ன பாட்டு என்று கேட்கவில்லை. சோதனைச்சாவடி தாண்டி இரவில் வீடு திரும்பிய தமிழ்ப் பொடியனிடம் ஒரு பேட்டியாவது எடுத்திருக்கலாம். சாவடியில் காட்டிய அடையாள அட்டையைப் பற்றி அவனிடம் கேட்க எவ்வளவோ இருந்தது.

‘தி அசெட்டிக் பரடொக்ஸ்’ வந்த அதே 2015இல் ‘ஜெனசைட் ஷ்ரைன்ஸ்’ என்ற இன்னொரு இலங்கை மெட்டல் குழுவின் தொகுப்பு வெளியானது. அதன் நீண்ட தலைப்புக்குள் கோவில் என்ற சொல்லும் உண்டு, புராணம் என்ற சொல்லும் உண்டு. வெளியிட்டது ஓர் இந்திய நிறுவனம். எங்கள் இசைப்பக்கங்கள் அந்த வருடமும் சென்னையின் பாட்டு வெளியீட்டு விழாப் படங்களால் நிறைந்திருந்தன.