கைப்பேசியில் ஒரு தெருவின் கதை

கதை சொல்வது நம் மரபுக்குப் புதிதன்று. திண்ணையிலும் தெருக்கூத்திலும் சொல்லப்பட்ட கதை இன்று ஒலிப்பதிவாகவும் காணொலியாகவும் இணையத்தில் உலவுகிறது. அதனால் மக்களின் குறைகளை எடுத்துரைக்க இயலுமா? இயலும் என்பதே என் கருத்து. ஆயினும், அவ்விடத்தில் வாழ்வோரின் குரல் அதில் உண்மையாக ஒலித்தல் வேண்டும்.

இதற்குச் சான்று நாம் வாழும் தில்லியிலேயே உள்ளது. 2001ஆம் ஆண்டில் சராய், அங்கூர் என்னும் இரு அமைப்புகள் இணைந்து ‘சைபர்மொகல்லா’ என்னும் முயற்சியைத் தொடங்கின. எளிய மக்கள் வாழும் குடியிருப்புகளில் சிறு கணினிக்கூடங்கள் அமைந்தன. அங்குக் கூடிய இளைஞர்கள் தாம் அன்றாடம் கண்டவற்றை எழுதினர், ஒலிகளைப் பதிவு செய்தனர், படம் எடுத்தனர். பிரகதி மைதானத்திற்கு அருகே, யமுனைக் கரையில் இருந்த நங்லா மாஞ்சியிலும் அத்தகைய கூடம் ஒன்று இருந்தது. 2006இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டபோது, நிகழ்ந்தவற்றை அவ்விளைஞர்களே எழுதி இணையத்தில் வெளியிட்டனர். சைபர்மொகல்லா இளைஞர்களின் எழுத்துகள் 2007இல் ‘பஹுரூபியா ஷஹர்’ என்னும் இந்தி நூலாயின. 2010இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

அப்பதிவுகளால் இடிப்பு நின்றுவிடவில்லை. பின் பயன் யாது என நீங்கள் வினவலாம். ‘ஆக்கிரமிப்பு’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்ட இடம், வாழ்ந்தவர்கள் சொன்ன பிறகே வீடாகவும் தெருவாகவும் பிறருக்குத் தெரிகிறது. அது சிறிய பயன் அன்று.

2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஜங்புரா மதராசி கேம்ப் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலில் நீர் தடையின்றி ஓட வேண்டும் என்பது அரசின் வாதம். மாற்று வீடு கிடைத்த நரேலா வெகு தொலைவு. அங்குப் பிள்ளைகள் தமிழ் கற்கப் பள்ளி இல்லை என்பது மக்களின் கவலை. இவ்விரண்டையும் கேட்டுச் சொல்வதே நேர்மையான கதை. ஒன்றை மறைத்து, சோக இசை சேர்த்துப் பரப்புவது கதையாகாது, வதந்தியாகும்.

மாணவர்களே, உங்கள் கையில் கைப்பேசி உண்டு. தில்லிக்கு முதன்முதலில் வந்த உங்கள் வீட்டுப் பெரியவர் யார்? எந்த ஆண்டில், எதன் பொருட்டு வந்தார்? அவரது இசைவைப் பெற்று இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அவர் சொல்லாததை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.