தம்பிகள் எழுதட்டும்!

பெங்களூரைப் பூங்காக்களின் நகரம் என்கிறோம். கணிப்பொறிகளின் நகரம் என்கிறோம். இது பட்டாளத்தின் நகரமும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். இந்த ஊரின் பெயர் எழுத்தில் ஏறியதே ஒரு வீரனின் கதையால்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. பெங்களூர்ப் போரில் மாண்ட ஒருவனைப் பற்றிய கன்னடக் கல்வெட்டு அது. அந்தப் போர் எதற்காக மூண்டது என்று இன்று தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது. மாண்டவன் மட்டும் நிலைத்தான். காரணம், யாரோ ஒருவர் எழுதி வைத்தார்!

இன்று நடுகல் நடுவார் இல்லை. அதன் இடத்தில் நூல் வந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து திரும்பியவன் தன் கதையைத் தானே எழுதலாம். ஆனால் யார் எழுதினார்கள்? யார் எழுதவில்லை? இதைத்தான் நம் மன்றத்து நண்பர்களோடு பேச விரும்புகிறேன்.

1896இல் குதிரைப்படையின் இளம் அதிகாரி ஒருவர் இந்த ஊருக்கு வந்தார். வயது 21. மறு ஆண்டு வடமேற்கு எல்லைப் போருக்குச் சென்று, திரும்பி வந்து, தாம் கண்டதை இங்கே அமர்ந்து எழுதினார். 1898இல் அது நூலாயிற்று. ஒரு நாவலையும் இங்கிருந்தபோதே தொடங்கினார். 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பெங்களூர் வாழ்க்கையையும் மறவாமல் சொன்னார். 1953இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசையும் பெற்றார். அவர்தாம் வின்ஸ்டன் சர்ச்சில். இங்குள்ள கிளப்புக்கு அவர் கொடுக்காமல் விட்ட 13 ரூபாய்கூட 1899ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் பத்திரமாக இருக்கிறது!

அவர் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில் அல்சூர்ப் பக்கம் வாழ்ந்த நம் பாட்டன்மாரின் வாழ்வு எந்த ஏட்டில் இருக்கிறது?

நம் பாட்டிமார் இன்றும் ‘தண்டு’ என்று சொல்லும் கன்டோன்மென்ட் 1809இல் எழுந்தது. மதராஸ் படையோடு தமிழர் வந்தனர். சிப்பாயாக வந்தனர், சமையற்காரராக, தையற்காரராக, வண்டிக்காரராக வந்தனர். 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு இன்று இவ்வூரே தலைமையிடம். பாலம் கட்டுவதும், வழி அமைப்பதும், கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. அந்த வீரர்களுக்குப் பட்டாளம் முழுவதும் வழங்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? ‘தம்பி!’ இந்தி பேசுகிறவரும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்.

முள்வேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் நீண்ட வெடிகுழாய் 1912இல் இந்தத் தம்பிகளின் படையில்தான் பிறந்தது. இரண்டு உலகப் போர்களிலும் அது பயன்பட்டது. அதை அமைத்த கேப்டன் மெக்ளின்டாக்கின் பெயர் நூல்களில் இருக்கிறது. ஊரின் பெயர் ஆயுதத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிச் சுமந்து முள்வேலிக்கடியில் ஊர்ந்து சென்ற கைகளின் கதை எங்கே?

சுபேதார் சுப்பிரமணியன் செங்கற்பட்டுச் சீமைக்காரர். இதே படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்து உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். பதக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் சில வரிகள். போதுமா? அவர் எப்படிச் சிரிப்பார், ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வார், அந்த அயல்மண்ணில் எந்தச் சோற்றுக்கு ஏங்கினார் என்பதையெல்லாம் அவரால் பிழைத்த ஒருவர் தமிழில் எழுதி, அது நம் கைக்குக் கிடைத்திருந்தால்!

பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. குற்றம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் தாத்தாவும் ஒரு தம்பி. ஹவில்தாராக ஓய்வு பெற்று அல்சூரில் வாழ்ந்தவர். 1971 போரில் மேற்கெல்லையில் கண்ணிவெடி எடுத்தவர். நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து சொல்வார்: “கோதுமை அப்பத்தான் முளைச்சிருந்துச்சுடா. ராத்திரியில அது மேல வயித்தால தவழ்ந்து போனோம். கம்பியால மண்ணைக் குத்திக் குத்திப் பாக்கணும். வெடிக்குப் பயப்படல, பயிரை நசுக்கறமேன்னுதான் கூசிச்சு. நானும் உழவன் வீட்டுப் பிள்ளைதானே!”

போரைப் பற்றிய எந்த அரசாங்க அறிக்கையும் இந்த ஒரு வரியைச் சொல்லாது.

கல்லூரியில் சேர்ந்தபின், “எழுதுங்கள் தாத்தா” என்றேன். “போடா, நான் என்ன ஜெனரலா? என் கதையை எவன் படிப்பான்?” என்றார். வற்புறுத்தி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் எழுதிய காலத்தில் நான் அருகில் அமர்ந்து கேட்கவில்லை. கேட்டபோதும் பாதிக் கவனம் கைப்பேசியில் இருந்தது. சென்ற ஆண்டு அவர் மறைந்தார். நோட்டில் பதினொரு பக்கங்கள் இருந்தன. கடைசி வரி, “அன்று இரவு எங்களோடு வந்த” என்று நிற்கிறது.

வந்தவர் யார்? என்ன ஆனார்? சிறுவயதில் அந்தக் கதையை நான் கேட்டிருக்கிறேன். இப்போது நினைவில்லை. பாட்டிக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் இரண்டாம் முறையும் மறைந்துபோனார். இம்முறை அவரைத் தொலைத்தவன் நான்.

“படிக்காத சிப்பாய் எழுத முடியுமா?” என்று கேட்பவர் உண்டு. மலையாளத்தைப் பாருங்கள். கோவிலன், நந்தனார், பாறப்புறத்து ஆகியோர் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள். பெரிய அதிகாரிகள் அல்லர். ‘பட்டாளக் கதைகள்’ என்று ஒரு வகையே அங்குத் தோன்றியது. கோவிலன் 1998இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அதே பாசறையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தமிழன் ஊமையா? அல்லன். அவனைக் கேட்பார் இல்லை; அவ்வளவுதான்.

“சிப்பாயின் கதையை யார் விரும்புவார்?” என்பது அடுத்த கேள்வி. நம் ஊர்க் கேப்டன் கோபிநாத் 1971 போரில் பங்கேற்றவர்; படையை விட்டு வந்து உழவு செய்தவர்; பிறகு ஏழைக்கும் எட்டும் விலையில் விமானம் விட்டவர். 2010இல் தன் வாழ்வை நூலாக எழுதினார். அந்த நூலைத் தழுவி 2020இல் வந்த தமிழ்ப்படம்தான் ‘சூரரைப் போற்று’. கன்னட நாட்டு வீரரின் நினைவுகளுக்குத் தமிழர் கண்ணீர் சிந்தினோம், கை தட்டினோம். நம் திண்ணையில் இருக்கும் வீரரை மட்டும் கேட்க மறந்தோம்.

“போர்க்கதை போர்வெறியை வளர்க்காதா?” என்றும் சிலர் ஐயுறலாம். போர்வெறி பேசுகிறவர் பெரும்பாலும் போர்க்களம் காணாதவர். கண்டவர், நசுங்கிய பயிரைப் பற்றிப் பேசுகிறார். படையின் மறைபொருளை எவரும் எழுத வேண்டியதில்லை. பசியை எழுதட்டும், நட்பை எழுதட்டும், பனியில் விறைத்த விரலை எழுதட்டும், விடுமுறையில் வீடு வந்தபோது தந்தையை அடையாளம் தெரியாமல் அழுத குழந்தையை எழுதட்டும்.

ஆகவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அல்சூரிலும், சிவாஜி நகரிலும், காக்ஸ் டவுனிலும் ஓய்வு பெற்ற தம்பிகள் பலர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இருவர் இருவராக ஒரு வீட்டுக்குச் செல்வோம். கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்வோம். அவர் பேசும் தமிழிலேயே எழுதுவோம். அதில் இந்தி இருக்கும், கன்னடம் இருக்கும், பட்டாளத்து ஆங்கிலம் இருக்கும், இருக்கட்டும்! திருத்தி அழகுபடுத்த வேண்டா. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவோம். அவர் இசைந்ததை மட்டும் இம்மலரில் இதழுக்கு ஒன்றாக வெளியிடுவோம். எழுத வல்லவர் தாமே எழுதட்டும். நாம் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்போம்.

முதல் கதையாக என் தாத்தாவின் பதினொரு பக்கங்களைத் தருகிறேன். முடியாத அந்தக் கடைசி வரியை நான் இட்டு நிரப்ப மாட்டேன், அப்படியே அச்சிடுங்கள். அவரோடு அன்று தவழ்ந்து சென்ற யாரேனும் இன்னும் நம்மிடையே இருக்கலாம். படித்துவிட்டு, “வந்தவன் இன்னார்” என்று சொல்லலாம்.