தில்லு முல்லு: அந்தப் பொய்க்காரனை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது?

டிவியில் எத்தனையாவது முறை போட்டாலும் சரி, 'தில்லு முல்லு' ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொடுவதில்லை. 1981ல் வந்த படம். அன்று பிறந்திருக்காதவர்கள்கூட இன்டர்வியூ காட்சி வந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குள்ளேயே நாலு பதில் வரும். தாத்தாக்களுக்கு அது தேங்காய் சீனிவாசன் படம். அம்மாக்களுக்கு சௌகார் ஜானகி படம். ரஜினி ரசிகர்களுக்கு "தலைவர் மீசை எடுத்த படம்". கொஞ்சம் இந்தி தெரிந்த மாமா ஒருவர் இருந்தால் "நீங்கள்ளாம் கோல்மால் பாக்கலையே" என்று ஒரு பெருமூச்சு விடுவார். இப்போது ஐந்தாவதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. இளவட்டம்தான், அதிலும் பெண்கள் அதிகம். அவர்கள் கேட்கிற கேள்வி கொஞ்சம் சங்கடமானது. "வேலைக்கும் பொய், காதலுக்கும் பொய், கடைசியில அவனுக்கே பொண்ணையும் குடுத்து வேலையையும் குடுக்கறாங்க. இந்த ஃப்ராடுக்கு எதுக்கு இத்தனை கைதட்டல்?"

இந்தக் கேள்வியை "காமெடி படம்ப்பா, சிரிச்சுட்டுப் போ" என்று ஒதுக்கிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது.

பார்க்காத புண்ணியவான்களுக்காகக் கதை. இந்திரன் படித்த பையன், பெற்றோர் இல்லை, ஒரு தங்கை, வேலை இல்லை. ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி என்ற முதலாளியிடம் வேலை காலியாக இருக்கிறது. அவர் ஒரு தினுசான மனிதர். பரம முருக பக்தர். பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டால் பிடிக்காது, விளையாட்டுப் பைத்தியம் என்றால் பிடிக்காது, மீசை இல்லாத ஆண்பிள்ளையைக் கண்டால் சுத்தமாகப் பிடிக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் இந்திரன் என்று முழுப்பெயரையும் மூச்சு விடாமல் சொல்லி வேலையை வாங்கிவிடுகிறான் நம்ம ஆள். அப்புறம் ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு ஃபுட்பால் மேட்சுக்குப் போகிறான். முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். "அது நான் இல்லை சார், என் இரட்டைத் தம்பி சந்திரன், அவனுக்கு மீசை கிடையாது" என்று ஒரு போடு. அவ்வளவுதான், மீதிப் படம் முழுக்க ஒட்டு மீசை. மீசை வைத்தால் இந்திரன், எடுத்தால் சந்திரன். முதலாளியின் மகள் சரோஜினிக்கு (மாதவி) பாட்டு வாத்தியாராகப் போகிறவன் சந்திரன். அவளுக்குக் காதல் வருவதும் சந்திரன் மேல்தான்.

மூலம், ஹிரிஷிகேஷ் முகர்ஜி 1979ல் எடுத்த 'கோல்மால்'. அமோல் பாலேகர், உத்பல் தத். மாமாக்களின் பெருமூச்சில் நியாயம் உண்டு, அது மிக நல்ல படம். ஆனால் "காப்பி" என்று சொல்லி முடித்துவிட முடியாது. பாலேகர் பார்ப்பதற்கே பக்கத்து வீட்டுக் குமாஸ்தா. அவர் பவ்யமாக நின்றால் நம்பிவிடுவோம். ரஜினி 'பில்லா', 'முரட்டுக்காளை' வந்த சூட்டோடு இதற்கு வருகிறார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, "அய்யா" போடுவதே நகைச்சுவை. கே.பாலச்சந்தரின் குசும்பு அங்கேதான் இருக்கிறது. விசுவின் வசனம் வேறு. முழுநீள காமெடி ரஜினிக்கு வருமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த ஒரு இன்டர்வியூ காட்சி பதில் சொல்லிவிட்டது. மீசை விவாதத்தை இத்தோடு விட்டுவிடலாம். முப்பது நாற்பது வருஷமாகப் பேசியாகிவிட்டது.

இனி ஃப்ராடு கேள்விக்கு வருவோம்.

இந்திரனை மன்னிப்பவர்கள் முதலில் சொல்வது, "பாவம், வேலை இல்லாத பையன், என்ன பண்ணுவான்?" 1980ஐ ஒட்டிய வருஷங்களில் டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது வெறும் கதை இல்லை. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் தபாலுக்குக் காத்திருந்த தலைமுறை அது. இதற்கு வேறெங்கும் போய் சாட்சி தேட வேண்டாம். இதே பாலச்சந்தர் 1980 நவம்பரில்தான் 'வறுமையின் நிறம் சிவப்பு' கொடுத்திருந்தார். டில்லியில் வேலை தேடி அலையும் ரங்கன் (கமல்). வளைந்து கொடுக்க மாட்டான், கூழைக்கும்பிடு போட மாட்டான், மனதில் பட்டதை இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுவான். பசியோடு கிடப்பான். கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேருவான்.

அந்தப் படம் வந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதே இயக்குநரிடமிருந்து 'தில்லு முல்லு'. அதே பிரச்சினை, அதே படித்த பையன், அதே இன்டர்வியூ. அங்கே உண்மை பேசி ஒருவன் கத்தியும் சீப்பும் எடுத்து அடுத்தவன் மீசையைத் திருத்துகிறான். இங்கே பொய் பேசி ஒருவன் தன் மீசையையே எடுத்து ஒட்டி, எடுத்து ஒட்டி, சம்பளம் வாங்குகிறான். இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். (இதில் இன்னொரு கூத்து, 'தில்லு முல்லு' முடிவில் வக்கீலாகச் சில நிமிடம் வந்துபோவது யார் என்று நினைக்கிறீர்கள்? கமல்தான். ரங்கனே கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்!)

ஆக வேலைக்காகச் சொன்ன பொய்யை ஜனங்கள் ஏன் மன்னித்தார்கள் என்பது புரிகிறது. மீசைக்கும் கணக்கெழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? முதலாளி கேட்ட தகுதிகளே அபத்தம். அபத்தமான கேள்விக்கு அபத்தமான பதில். இன்றைக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற எந்தப் பையனும் பெண்ணும் "உங்கள் பலவீனம் என்ன" என்று கேட்டால் "ரொம்ப சின்சியரா வேலை செய்வேன் சார், அதுதான் பலவீனம்" என்று கூசாமல் சொல்லிவிட்டுத்தானே வருகிறார்கள்? டை கட்டிக்கொண்டு போவதும் ஒரு ஒட்டு மீசைதான். இந்திரன் கொஞ்சம் பெரிதாக ஒட்டினான், அவ்வளவே.

ஆனால் இந்த வாதத்தை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் கடந்துவிட முடியாது. மன்னிப்பவர்கள் வசதியாக மறப்பது இரண்டு விஷயம்.

ஒன்று, அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள். அவர்களும் வேலை இல்லாதவர்கள்தானே? அவர்களுக்கும் தங்கச்சிகள் இருந்திருக்கும். முதலாளிக்கு என்ன பிடிக்கும் என்று காதில் ஓத ஆள் இல்லாததுதான் அவர்கள் செய்த குற்றம். அவர்கள் தோற்பதைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். கேம்பஸில் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தவர்களுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் வேறு மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று, முதலாளியே. தேங்காய் சீனிவாசனை வில்லன் மாதிரி நினைப்பவர்கள் படத்தை இன்னொரு தரம் கவனித்துப் பார்க்க வேண்டும். இந்திரன் மாட்டிக்கொள்ளும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் அந்த மனிதர் லீவு கொடுக்கிறார். உதவாக்கரை என்று தான் நினைக்கும் தம்பிக்கும் தன் வீட்டிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுக்கிறார். அந்தத் தாயைப் பார்க்க வேண்டும் என்று தானே வீடு தேடி வருகிறார். அதாவது பொய் சிக்கலாகும் இடமெல்லாம் முதலாளி நல்லவராக நடந்துகொண்ட இடங்கள்! ஒரு கொடுமைக்கார முதலாளியாக இருந்திருந்தால் இரண்டாவது ரீலிலேயே கதை முடிந்திருக்கும். லீவு கிடையாது என்று சொல்லியிருப்பார், மேட்சும் இல்லை, தம்பியும் இல்லை. அவருடைய அன்புதான் இந்திரனைத் துரத்துகிறது. தேங்காய் சீனிவாசன் இதைத் தெரிந்து நடித்திருக்கிறார். எரிந்து விழும்போதுகூட அந்த முகத்தில் ஒரு குழந்தைத்தனம் இருக்கும். ஏமாற்றப்பட்டவர் மேல் நமக்குக் கோபம் வராமல், ஏமாற்றுகிறவன் மேலும் கோபம் வராமல் இரண்டரை மணி நேரம் ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. ரஜினிக்குப் போகும் கைதட்டலில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. தாத்தாக்கள் சொல்வது சரி.

அம்மாக்கள் சொல்வதும் சரி. சௌகார் ஜானகி பல வருஷம் திரையில் அழுது தீர்த்தவர். அவரை இப்படி ஒரு துறுதுறு பணக்கார மாமியாக்கி, நடிக்க ஆசைப்பட்டு இந்திரனுக்குப் பொய் அம்மாவாக வரவைத்திருக்கிறார்கள். பின்வழியாக வீட்டுக்குள் நுழைந்து அந்த அம்மா படுகிற பாடு, படத்தின் உச்சம் அதுதான். ஆனால் பாருங்கள், அவருக்குப் பொய் சொல்லி ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பசி இல்லை, தங்கை இல்லை. ஜாலிக்காகச் சொல்கிறார். "வறுமைதான் பொய் சொல்ல வைத்தது" என்று சொல்பவர்கள் இந்த மாமிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? பொய் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, நடிப்பதில் ஒரு போதை இருக்கிறது, இந்திரனுக்கும் அது இருக்கிறது என்பதை அந்தப் பாத்திரம் போட்டு உடைத்துவிடுகிறது.

சரி, சரோஜினி? பெண்கள் கேட்கும் கேள்வியின் மையமே அவள்தான். அவள் காதலித்த சந்திரன் என்று ஒருவன் உலகத்தில் இல்லை. முதலாளியை ஏமாற்றினால் வேலை போகும். ஒரு பெண்ணை ஏமாற்றினால் அவளுடைய வாழ்க்கை இல்லையா? இது நியாயமான கோபம். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதைவிட, அவள் அப்பாவின் மீசை எப்போது துடிக்கும் என்பதில்தான் படத்துக்கு அக்கறை. மாதவிக்கு அந்தப் பெரிய கண்களை வைத்துக்கொண்டு செய்ய இன்னும் எவ்வளவோ இருந்தது, கொடுக்கவில்லை.

இருந்தாலும் இதில் ஒரு திருப்பம் இருக்கிறது, கோபப்படுகிறவர்கள் அதையும் யோசிக்கலாம். இந்திரன், சந்திரன் இருவரில் எது வேஷம்? ஃபுட்பால் பிடிக்கிறது, பாட்டு வருகிறது, வாய் ஓயாமல் பேசுகிறான், இஷ்டப்படி உடுத்துகிறான். வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பையன் அப்படித்தான் இருந்தான். அதாவது சந்திரன்தான் அசல்! பெயர் மட்டும்தான் இரவல். மீசை ஒட்டிக்கொண்டு கைகட்டி நிற்கிறானே அந்த உத்தமன் இந்திரன், அவன்தான் ஜோடிக்கப்பட்ட ஆள். அப்பா அந்தப் போலியைப் பார்த்து உருகினார். மகளுக்கோ அந்த உத்தமனைக் கண்டாலே ஆகவில்லை. அசலைத்தான் அவள் பிடித்தாள். மொத்தப் படத்திலும் ஆளைச் சரியாக எடைபோட்டவள் அவள் ஒருத்திதான்.

இதனால் அவன் செய்தது சரி என்று ஆகிவிடாது. பெயரையும் பிழைப்பையும் மறைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் பழகுவது தப்புதான். இன்று ஒரு பையன் இரண்டு பெயரில் இரண்டு ப்ரொஃபைல் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் யாரும் விசிலடிக்க மாட்டார்கள், போலீசுக்குப் போவார்கள். ஆனால் அந்தக் காதலில் பொய் எது, மெய் எது என்று பிரித்துப் பார்த்தால், வெறும் ஃப்ராடு என்று சொல்லி முடிக்க மனம் வராது.

ரீமேக்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ரோஹித் ஷெட்டியின் 'போல் பச்சன்' (2012) அதே முடிச்சை எடுத்துக்கொண்டது. அங்கே முதலாளி பயில்வான் மாதிரி அஜய் தேவ்கன். மாட்டினால் எலும்பு மிஞ்சாது என்ற பயம்தான் ஓட்டுகிறது, இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் காணாமல் போய்விட்டது. தமிழில் 2013ல் பத்ரி இயக்கத்தில் சிவா நடித்து 'தில்லு முல்லு' மறுபடி வந்தது. பாட்டு வாத்தியார் கராத்தே மாஸ்டர் ஆனார், தேங்காய் சீனிவாசன் இடத்தில் பிரகாஷ்ராஜ். சிரிக்க இடங்கள் இருந்தன. ஆனால் 'தமிழ் படம்' சிவா முதல் ஷாட்டிலேயே நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிற ஆள். அவர் உத்தமன் வேஷம் போட்டால் நம்புவதற்குத் தியேட்டரில் ஒரு ஆள் இருக்காது, பிரகாஷ்ராஜ் மட்டும் எப்படி நம்புகிறார் என்றுதான் தோன்றும். ரஜினி நம்பவைத்துவிட்டு ஏமாற்றினார். வித்தியாசம் அதுதான்.

மூலப் படமான 'கோல்மால்' முடிவில் ஒரு குடும்ப போட்டோ வரும். மீசையே மானம் என்று படம் முழுக்கக் கர்ஜித்த உத்பல் தத் அதில் மீசையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஏமாற்றியவனுக்குக் கொடுத்த மன்னிப்பை அவர் தன் முகத்திலேயே போட்டுக்கொண்டார். அந்த போட்டோவில் அவர் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம்தான் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.