கோதுமை மூட்டையும் வாக்குச் சீட்டும்

கொடுத்தவனைக் கும்பிடுவது ஏழையின் இயல்பு. கும்பிட்டதையே சம்மதம் என்று எழுதிக்கொள்வது ஆளவந்தார் வழக்கம். எரித்திரியாவின் கதை இதுதான், தோழர்களே!

செங்கடலோரச் சிறு நாடு அது. 1961-இல் அங்கே விடுதலைப் போர் மூண்டது. அடுத்த ஆண்டே எத்தியோப்பியப் பேரரசர் அந்நாட்டைத் தம் அரசோடு இணைத்து விழுங்கினார். பின்னர் முடியாட்சி போயிற்று, பட்டாளத்தார் ஆட்சி வந்தது. சோவியத் ஆயுதம் அவர்கள் கையிலே குவிந்தது. எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணிக்கோ, எதிரியிடம் பறித்த துப்பாக்கியும் ஏழை உழவன் தந்த உணவுமே துணை. ஊரை நம்பி வாழ்ந்த முன்னணி ஊருக்கு உழைத்தது. நிலத்தைப் பங்கிட்டது, பள்ளி நடத்தியது, ஒரோட்டா மலையிடுக்கிலே மருத்துவமனை கட்டியது, ஊர்ச் சபைகளைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. முடிசூட்டு விழா இல்லை, ஆனால் ஆட்சி நடந்தது!

1984-85-இல் பெரும் பஞ்சம். உலகம் தானியம் அனுப்பிற்று. "எம் கை வழியே தான் போக வேண்டும்" என்றது பட்டாள அரசு. பட்டினியையே படைக்கலமாக்கிற்று. அப்போது கிறித்துவத் தொண்டு அமைப்புகள் சில, சூடான் எல்லை வழியே தானியம் அனுப்பின. பகலிலே விமானம் குண்டு வீசும் என்பதால் லாரிகள் இரவிலே ஓடின. முன்னணியைச் சார்ந்த நிவாரணச் சங்கம் பங்கிட்டுக் கொடுத்தது.

"கலகக்காரனுக்கு உதவுவதா? நடுநிலை என்னாவது?" என்று முகம் சுளித்தோர் உண்டு. நாம் கேட்கிறோம்: குண்டு போடுபவன் கையிலே மட்டும் கொடுப்பது நடுநிலையா? கொடுத்தது சரியே!

ஆனால் ஒன்றை மறவாதீர். மூட்டையை அனுப்பியவன் முகம் ஊருக்குத் தெரியாது. அளந்து போட்டவன் முகம்தான் தெரியும். வாழ்த்து அவனுக்கே போய்ச் சேரும். அந்த வாழ்த்தை வாக்காக மாற்றிக் கேட்க வேண்டாமா?

1991 மே மாதம் முன்னணி அஸ்மாரா நகருக்குள் நுழைந்தது. 1993 பொது வாக்கெடுப்பில் 99.8 விழுக்காட்டினர் விடுதலைக்கு ஆதரவு தந்தனர். கேட்ட கேள்வி விடுதலை வேண்டுமா என்பது. யார் ஆள்வது என்பதல்ல. 1997-இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் ஏட்டோடு நின்றது. 2001-இல் குறை சொன்ன தலைவர்கள் சிறையிலே. தனியார் ஏடுகளுக்குப் பூட்டு. நாடாளுமன்றத் தேர்தலோ இன்றுவரை இல்லை. ஊருக்குத் தேர்தல் கற்றுத் தந்தவர்களே நாட்டுக்கு அதை மறுத்தனர்!

பஞ்சத்திலே கஞ்சி ஊற்றிய கைக்கு நன்றி சொல்வோம். நன்றி, ஆயுள் சாசனம் அல்ல. உதவி அனுப்புவோர் மூட்டையை மட்டும் எண்ணினால் போதாது. அதை வாங்குகிறவன் எதிர்த்துக் கேள்வி கேட்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.