யார் சோம்பேறி?

சென்ற வாரம் டீக்கடை பெஞ்சில் ஒரு பேச்சு. எங்கள் தெருப் பையன் பெங்களூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, தருமபுரியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது" என்றார் ஒரு பெரியவர். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் அவனையே விசாரித்தேன். ராத்திரி பதினொரு மணிக்கும் போன், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் என்றான். பிறகு கேட்டான்: "தாத்தா, நீங்க ஆபீஸ்ல இருந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஓய்வுக்குப் பின்தான் மனைவியின் ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தேன். அதுவரை புதுவையில் அரசுக் குமாஸ்தா. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்கள் தவிர, ஆறு மணிக்கு மேல் நாற்காலியில் இருந்ததில்லை. இன்று மாதம் பிறந்தால் பென்ஷன்.

அந்த ஆறு மணி சும்மா கிடைத்ததா? 1936 ஜூலை 30 அன்று புதுவை சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு; 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தில் எட்டு மணி நேர வேலையும் ஒரு கோரிக்கை. அதே ஆண்டு பிரான்சில் வாரம் 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு 2 வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. பிரான்ஸ் கதையைப் பள்ளியில் பிரெஞ்சிலேயே படித்தேன். சவானா கதையை அப்பா சொல்லித்தான் தெரியும்.

இப்போது என்ன நடக்கிறது? வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 2025-இல் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 என்றார். ஞாயிறும் சேர்த்து ஏழு நாளுக்கு வகுத்தாலும் நாளுக்கு 13 மணி நேரம் ஆகிறது. தூங்குவது எப்போது, பெற்றவர்கள் முகத்தைப் பார்ப்பது எப்போது? நம் மாநிலத்திலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

உழைக்காமல் முன்னேற முடியுமா என்பீர்கள். இந்தப் பையன் உழைக்க மறுக்கவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகும் வேலை என்பதைத்தான் மறுக்கிறான். நமக்குக் கிடைத்ததைத்தான் கேட்கிறான்.

அவனைச் சோம்பேறி என்று சொல்ல, பென்ஷன் வாங்கும் நமக்கு வாய் வரலாமா? நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெஞ்சு நண்பர்களே, உங்கள் முறை.